ஆரஞ்சு சட்டை வந்துவிட்டால்

எங்கள் கூட்டத்தில் யாரும் தலை எண்ணுவதில்லை. ஆரஞ்சு சட்டை வந்து சேர்ந்துவிட்டால் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று கணக்கு. கூட்டமாக மலைக்குப் பைக் ஓட்டிப் போகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்கு விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதை நம்பித்தான் எல்லாம் கெட்டது.

முன்னால் போகிறவர் தலை. கடைசியில் வருகிறவர் வால். வால்தான் ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு வருவார். வழியில் யார் நின்றாலும் வாலும் நிற்க வேண்டும், யாரையும் தாண்டி வரக்கூடாது. சாலை பிரிகிற இடம் வந்தால் மூன்றாவது வண்டிக்காரர் ஓரங்கட்டி நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் என்று கை காட்டுவார். ஆரஞ்சு சட்டையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் நகரலாம். பிரிவில் யாருமே நிற்கவில்லையென்றால் நேராகப் போகவேண்டும். இவ்வளவுதான். ஒருகாலத்தில் இருபது வண்டி வந்தபோது உண்டான ஏற்பாடு. இந்த முறை வந்ததே ஐந்து வண்டி. ஐந்தை எண்ணத் தெரியாதா உங்களுக்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் வண்டி ஓட்டுவதில்லை. என் கணவர்தான் தலை. அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாயை மட்டும் ஓட்டுகிறவள் நான். அவர் லிப்ட் மெக்கானிக். வாரமெல்லாம் நேராக மேலே போய் நேராகக் கீழே வருகிற பெட்டியோடு மல்லுக்கட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமையாவது வளைந்து வளைந்து போகவேண்டும் என்பார். எனக்குத் தையல் கடை. ஆரஞ்சு சட்டையைத் தைத்தவள் நான்தான்.

இந்தக் கூட்டத்தைச் சேர்த்தவர், விதிகளையெல்லாம் போட்டவர், கண்ணாடி அண்ணன். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அளவெடுத்து வெட்டிக்கொடுக்கிற கடை அவருக்கு. அறுபதைத் தாண்டிவிட்டார், ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது? இடுப்பு வலிக்கிறது என்று போன வருஷம்தான் தலைப் பதவியை என் கணவரிடம் கொடுத்தார். கொடுத்தாரே தவிர, கையை முழுக்க எடுக்கவில்லை. என் கணவர் ஒரு வளைவைச் சரியாகப் போடவில்லையென்றால் அடுத்த டீக்கடை வரைக்கும் மனதில் வைத்திருந்து, டீ வந்ததும் ஆரம்பிப்பார்.

மனைவி போனபிறகு வீட்டில் அவரும் மகளும்தான். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். சின்ன வயதில் ஞாயிறு தோறும் அப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதை ஜன்னலில் நின்று பார்த்தவள். முப்பது வயதுக்கு மேல் தானாகவே ஓட்டக் கற்றுக்கொண்டு, தானாகவே ஒரு வண்டியும் வாங்கி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். "அப்பாவோட ஒரு தடவையாவது மலை ஏறணும்க்கா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் கடைக்கு வந்தாள். ஓட்டும்போது போடுகிற ஜாக்கெட் தோளில் இறுக்குகிறது, பிரித்துத் தைத்துக்கொடுங்கள் என்றாள். என் கடையில் கதவோரமாக ஆளுயரப் பொம்மை ஒன்று நிற்கிறது. ஜாக்கெட்டை அதற்கு மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஊசிப் பெட்டியை நோண்டியபடியே மெல்ல ஆரம்பித்தாள்.

அப்பாவுக்கு வலது பக்கம் சரியாகத் தெரிவதில்லை என்று அவளுக்குச் சந்தேகம். வீட்டில் கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொள்கிறார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், வராந்தாவில் வலது பக்கம் நின்றுகொண்டிருந்த மகளைத் தாண்டிப் போய், அடுத்த அறையில் அவளைத் தேடியிருக்கிறார். கண் டாக்டரிடம் வாருங்கள் என்றால், கண்ணாடி வெட்டுகிறவனுக்கே கண்ணாடியா என்று சிரித்து மழுப்புகிறார்.

"வண்டியை நிறுத்துங்கன்னு சொன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்க்கா. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அப்பாவை ரெண்டாவதுல போடச் சொல்லுங்க. கண்ணாடியில பாத்துக்கிட்டே போகலாம்ல. நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேண்டாம்."

தலைக்கு அடுத்த இடம் யாருக்கு என்பது எங்களில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு, உடம்பு சரியில்லாதவர்களுக்கு, நம்பி விடமுடியாதவர்களுக்கு. நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்: இது இடத்தை மாற்றிச் சரிசெய்கிற விஷயமில்லை, முதலில் கண்ணைக் காட்டு, பிறகு மலையைப் பார்ப்போம் என்று. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பட்டென்று பேசுகிறவள், அன்றைக்கு மட்டும் வாயில் கொழுக்கட்டை. சரி என்று தலையாட்டி, ராத்திரி என் கணவரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். ஒருவர் முகம் கோணக்கூடாது என்று மூன்று பேர் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெட்ரோல் பங்கில் சேர்ந்தோம். நாங்கள் இருவரும் ஒரு வண்டி, கண்ணாடி அண்ணன், எங்கள் எல்லோருக்கும் பாப்பாவான அவர் மகள், வாயாடிக் கூரியர் தம்பி, பல் டாக்டர். வழக்கமாக வால் பிடிப்பவர் பல் டாக்டர்தான். பொறுமைசாலி, வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்து பழகியவர். என் கணவர் வரிசையைச் சொன்னார். "நான், அண்ணன், கூரியர், பாப்பா, டாக்டர்."

கண்ணாடி அண்ணன் கையுறை போடுவதை நிறுத்திவிட்டு, பாப்பாதானே புதுசு, அவளை இரண்டாவதில் போடு என்றார். என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. நீங்களே வாங்கண்ணே, பேச்சுத் துணைக்கு என்றார். ஹெல்மெட்டுக்குள் என்ன பேச்சு, என்ன துணை? கூரியர் தம்பிகூட அதற்கு ஜோக் அடிக்கவில்லை. அண்ணன் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

முதல் கணவாய் வரைக்கும் நல்ல சாலை. ஊர் முடிந்ததும் ஆறு கூடவே வந்தது, பிறகு பாலத்தில் எங்களை விட்டுவிட்டுக் கீழே போனது. மரங்களுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக விழுந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற, கீழே பார்த்தால் நாங்கள் வந்த சாலையே ஏழெட்டு இடத்தில் தெரிந்தது. என்னைக் கேட்டால், கடவுள் கைவசம் நேரம் நிறைய இருந்தபோது செய்த இடம். ஆனால் என் கணவர் மலையைப் பார்க்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். எதிரே வண்டி வந்தால் அண்ணன் ஒரு கணம் தாமதமாகத்தான் ஒதுங்குகிறார் என்று தோளைத் திருப்பி என்னிடம் கத்திச் சொன்னார்.

கணவாய் உச்சியில் தகரக் கூரை போட்ட டீக்கடை. எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றினோம். மகள் முகம் பளபளவென்று இருந்தது, கன்னம் காற்றில் சிவந்துபோய்ச் சின்னப் பெண் மாதிரி. ஓடிப்போய் அப்பாவிடம், அந்தப் பாறை வளைவைப் பார்த்தீர்களா என்று ஆரம்பித்தாள். அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு என் கணவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் போட்ட விதி அது. ரெண்டாவது இடம் யாருக்குன்னு எனக்கே கத்துக்குடுக்கிறியா நீ?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் டாக்டரிடம் திரும்பி, அந்தச் சட்டையைக் கழற்றுங்கள், நான் வால் பிடிக்கிறேன் என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்கு உயர்த்தியிருப்பேன், உண்மை வெளியே வந்திருக்கும். டாக்டர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். பூனைக்கு மணி கட்ட ஆளில்லாமல் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மகள்தான் பேசினாள். "குடுத்துடுங்க டாக்டர். அப்பா பின்னாடி வந்தா எனக்கும் தைரியமா இருக்கும். நான் அவருக்கு முன்னாடியே போறேன்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். ஆரஞ்சு சட்டையைப் போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி, நெஞ்சை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டார். மகள் என் பக்கத்தில் வந்து, நான் என் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா மகளைக் காவல் காப்பதாக நினைத்துக்கொண்டு வர, மகள் முன்னால் இருந்து அப்பாவைக் காவல் காப்பது என்று ஏற்பாடு. முதல் தடவையாக மலையில் வண்டி ஓட்டுகிறவள் அவள். அவளுக்கே கண் முழுக்க சாலையில் இருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது கணவாய்க்கு ஏறும்போது மூடுபனி இறங்கியது. பாதி வழியில் ஒரு பிரிவு. நேராகப் போகிற சாலை மலையைச் சுற்றிக்கொண்டு வேறொரு பள்ளத்தாக்கில் இறங்குகிறது. நாங்கள் இடது பக்கம் திரும்ப வேண்டும். என் கணவர் கை காட்டினார், கூரியர் தம்பி ஓரங்கட்டி நின்றுகொண்டான், நாங்களும் இரண்டாவதாக வந்த டாக்டரும் மேலே ஏறினோம். உச்சியில் ஒரு ஏரி. கரையில் சாப்பாட்டுக் கடை. ஏரி மேல் பனி நகர்ந்து நகர்ந்து, அக்கரை மரங்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. கொஞ்ச நேரத்தில் கூரியர் தம்பியின் வண்டிச் சத்தம். அதன் பின்னால் பனிக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறம். என் கணவர் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு உள்ளே போய், ஆறு சாப்பாடு என்று சொல்லிவிட்டார்.

கண்ணாடி அண்ணன் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். இத்தனை மாதத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

"ஒருத்தரைக்கூட விடாம கூட்டிட்டு வந்துட்டேன்டா" என்று என் கணவர் தோளில் தட்டினார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "எங்க அவ?" என்றார்.

கூரியர் தம்பிதான் முதலில் திணறினான். பிரிவில் நிற்கும்போது அவனுக்கு ஒரு போன் வந்திருக்கிறது. சிக்னல் விட்டு விட்டுக் கிடைத்ததால் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசியிருக்கிறான். திரும்பினால் ஆரஞ்சு சட்டை. பாப்பா எப்போதோ போயிருக்கும் என்று நினைத்தானாம். அண்ணனோ, முன்னால் மகளைக் காணோமே, வேகம் பிடித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவளை எட்டிப் பிடிக்க விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். தனக்கு முன்னால் போனவளைத் தாண்டி வந்திருப்போம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சாப்பாட்டை விட்டுவிட்டு இறங்கினோம். போனில் அவளைப் பிடிக்க முடியவில்லை. பிரிவைத் தாண்டிக் கீழே இரண்டு மூன்று வளைவு. சாலை போடுவதற்காக ஓரத்தில் ஜல்லி கொட்டிவைத்திருந்த இடத்தில் வண்டி இழுத்துக்கொண்டு போன தடம் இருந்தது. ஏறி வருகிறவர்களுக்கு வலது பக்கம். அங்கே அவளும் இல்லை, வண்டியும் இல்லை. கண்ணாடி அண்ணன் குனிந்து ஜல்லிக்குள்ளிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தார். வண்டியின் வலது பக்கக் கண்ணாடி. வேறு யாராவது என்றால் துண்டைப் பிடித்த வேகத்துக்குக் கையைக் கிழித்திருக்கும். அவர் கைக்கு அது பழக்கம். கைக்குட்டையில் சுற்றி ஆரஞ்சு சட்டையின் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிரிவில் யாரும் இல்லையென்றால் நேராகப் போகவேண்டும். அவள் விதிப்படிதான் போயிருந்தாள். சுற்றுச் சாலையில் வெகுதூரம் போனபிறகு, சாலைப் பணியாளர்கள் கருவிகள் வைக்கிற ஒரு கொட்டகை வாசலில் அவள் வண்டியைப் பார்த்தோம். உள்ளே மண்வெட்டிகளுக்கு நடுவே ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கி, யாரோ ஒரு பணியாளரின் துண்டில் கட்டித் தொங்கியது. கையின் நிறத்தைப் பார்த்ததும் டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். முறிந்த கையோடு அவள் அவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறாள். அடுத்த வளைவில் நாங்கள் இருப்போம், அடுத்த வளைவில் இருப்போம் என்று நினைத்துக்கொண்டே போனாளாம்.

கண்ணாடி அண்ணனுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். ஓட்டத் தெரியாமல் ஏன் வரவேண்டும், விழுந்தவள் விழுந்த இடத்திலேயே இருக்க வேண்டாமா, நான் திரும்பி வந்திருக்க மாட்டேனா என்று கொட்டகை அதிரக் கத்தினார். அவர் முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் எழுந்து நின்னு கை காட்டினேன்ப்பா" என்றாள். "நீங்க என் பக்கம் தலையைத் திருப்பினீங்க. பாத்துட்டீங்கன்னு நெனச்சேன். போயிட்டீங்க."

அவர் வெளியே போய்ச் சாலையோரம் நின்றுகொண்டார். நாங்கள் அவளை ஒரு லாரியின் முன்சீட்டில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவரை உள்ளே வரவே இல்லை.

அடுத்த வாரம் அவராகவே கண் டாக்டரிடம் போனார். கண்ணில் அழுத்தமாம். வலது கண்ணில் ஓரப்பார்வை பெரும்பாலும் போய்விட்டது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போடவேண்டும் என்றார்களாம். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்றும் கேட்டார்களாம். டாக்டர்களுக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியாது. வண்டியை விற்றுவிட்டார். மகளுக்கு மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். வலது கை என்பதால் வீட்டில் எல்லாம் அவர்தான். சோறு பிசைந்து கொடுப்பார், தண்ணீர் எடுத்துக் கொடுப்பார், கோணல்மாணலாகத் தலை பின்னிவிடுவார். அன்றைய பேச்சை மட்டும் எடுப்பதில்லை. எல்லாம் செய்கிறார், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்கிறார் என்று அவள் என்னிடம் சொன்னாள். எனக்கு அவள்மேல் இரக்கமும் அவர்மேல் எரிச்சலும் வந்தது. பிறகு என்மேலேயே வந்தது, இரண்டும்.

போன மாதம் ஒரு மத்தியானம் அண்ணன் கடைக்கு வந்தார். ஆரஞ்சு சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவந்திருந்தார். மேஜையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

"என்னை ரெண்டாவதுல போடச் சொன்னது அவதானே?"

இனிமேலும் மறைக்க எனக்குத் தெம்பில்லை. ஆமாம் என்றேன். அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே போனதையும் சொன்னேன். உங்களைப் பார்க்கப்போய்த்தான் சாலையை விட்டிருப்பாள் என்பதை நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களாண்ணே?"

"மாட்டேன்" என்றார். பிறகு, "ஆனா நீங்க சொல்லியிருக்கணும்" என்றார்.

கிளம்பினார். கடையிலிருந்து வெளியே போகிறவர்களுக்குப் பொம்மை வலது பக்கம் நிற்கும். ஜல்லியில் கிழிந்த அவள் ஜாக்கெட்டை, ஒட்டுப் போட்டுத் தைத்து அதற்குத்தான் மாட்டியிருந்தேன். அவர் வலது தோள் பொம்மையின் மேல் போய் மோதியது. பொம்மை ஆடியது. சட்டென்று நின்று, அந்த ஜாக்கெட்டின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார்.

யாரோ வாடிக்கையாளரை இடித்துவிட்டோம் என்று நினைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னபிறகும் கையை விடவில்லை. ஜாக்கெட்டில் நான் போட்ட ஒட்டை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். நான் தலையைக் குனிந்து துணி வெட்டுகிற மாதிரி பாவனை செய்தேன்.

கை தேறி மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த மகள், சாயங்காலம் வேலை முடிந்து ஜாக்கெட்டை வாங்கிப்போக வந்தாள். அப்பா வந்தாரா என்று கேட்டாள். இந்தத் தடவை எதையும் விழுங்காமல், அவர் கேட்டது, நான் சொன்னது, பொம்மையிடம் அவர் சொன்னது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பொம்மைக்கு முன்னால் நின்று, அவர் பிடித்த அதே கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள்.

கழற்றித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். வண்டி ஓட்டும்போது பின்னால் யாரோ வருகிறார்கள் என்று இப்போதெல்லாம் நம்ப முடியவில்லை, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே முடியவில்லை, தெருமுனை வரைக்கும்கூட ஓட்ட வரவில்லை என்றாள். சாவி மேஜை டிராயரில் கிடக்கிறதாம். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அப்பா தானே ஒன்று வெட்டி மாட்டியிருக்கிறாராம். தினமும் காலையில் அதைத் துடைக்கிறாராம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று வண்டி போகிறோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் கணவர் வாய்விட்டு எண்ணுகிறார். மூன்று என்று சொன்ன பிறகும் வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறார். ஜாக்கெட்டை அவள் வாங்கிப்போகவில்லை. பொம்மைக்குத்தான் மாட்டியிருக்கிறது.